புதுமை மன்னன் வாங் மாங்

மாடு விற்கும் பட்டியிலே மனிதனையும் நிறுத்தி விலை பேசினார்களே, இது அடுக்குமா என்று ஒரு மன்னன் கேட்டான். முப்பதில் ஒரு பங்குதான் வரி என்று அரசு மார்தட்டிக் கொள்கிறது. நிலமற்ற உழவனோ விளைச்சலில் சரிபாதியைச் செல்வனின் களஞ்சியத்தில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறானே, இதுவா நல்லாட்சி என்றும் கேட்டான். கேட்டதோடு அவன் நின்றானில்லை. நாட்டிலுள்ள நிலமனைத்தும் இனி 'மன்னர் நிலம்'. அதை வாங்கவோ விற்கவோ எவருக்கும் உரிமையில்லை. அடிமைகளையும் இனி விற்கலாகாது என்று ஆணை பிறப்பித்தான்.

எந்த நூற்றாண்டில்? பிரெஞ்சுப் புரட்சி வெடித்த பதினெட்டாம் நூற்றாண்டிலா? அடிமை முறையை ஒழிக்க அமெரிக்காவில் குருதி கொட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலா? இல்லை, தோழர்களே! கி.பி. 9-ஆம் ஆண்டில், சீன நாட்டில்! மன்னன் பெயர் வாங் மாங். தன் அரசுக்கு அவன் சூட்டிய பெயர் 'ஷின்'. புதுமை என்பது அச்சொல்லின் பொருள்.

அந்தப் புதுமை பதினான்கே ஆண்டுகள் வாழ்ந்தது. கி.பி. 23-இல் அரண்மனைக்குள் புகுந்த கூட்டம் அவன் தலையைக் கொய்தது. வான் நகரின் கடைத்தெருவிலே அத்தலை தொங்கவிடப்பட்டது. அதை அடித்தும் எறிந்தும் மகிழ்ந்தவர்கள் யார்? பறிபோகுமோ நம் நிலம் என்று பதறிய பிரபுக்களா? அவர்கள் அல்லர். தெருவில் நின்ற ஏழை எளியோர்! யாருக்குப் பங்கிட்டுத் தருவேன் என்றானோ, அவர்களே! இந்த விந்தை ஏன் நேர்ந்தது என்பதைத்தான் நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

வாங் மாங்குக்கு முன் சீனத்தை ஆண்டது ஹான் மரபு. கி.பி. 2-இல் எடுத்த குடிக்கணக்கு ஏறத்தாழ ஆறு கோடி மக்களைக் காட்டுகிறது. அத்தனை பேருக்கும் சோறு போட்ட நிலம் சிலர் கைக்குள் சுருங்கிக் கொண்டே வந்தது. வறட்சி வந்தால் உழவன் கடன் வாங்குவான். கடன் முற்றினால் நிலத்தை விற்பான். நிலம் போனபின் மனைவி மக்களை விற்பான். கடைசியில் தன்னையே விற்பான். கி.மு. 7-இல் அமைச்சர் சிலருக்கு அச்சம் பிறந்தது. ஒருவரிடம் 3,000 மூவுக்கு மேல் நிலம் இருக்கலாகாது, அடிமைகளின் எண்ணிக்கைக்கும் எல்லை வேண்டும் என்று திட்டம் தீட்டினர். (ஒரு மூ என்பது ஏக்கரில் ஒன்பதில் ஒரு பங்கு, 3,000 மூ ஏறக்குறைய 340 ஏக்கர்.) கைகூடவில்லை. அரசியின் உறவினர்க்கு அது பிடிக்கவில்லை. மன்னன் ஆய் என்பவனின் ஆசைக்குகந்த அழகன் துங் சியனுக்கும் பிடிக்கவில்லை. அந்த அழகனுக்கு மன்னன் அள்ளிக் கொடுத்த நிலம் மட்டும் 2,00,000 மூ! உச்சவரம்பு ஓலையிலே உறங்கியது.

இந்தச் சூழலில்தான் வாங் மாங் உயர்ந்தான். பட்டத்தரசியாய் இருந்து பின் அரசமாதாவான பெருமாட்டி அவன் அத்தை. சிற்றப்பன் பெரியப்பன்மாரெல்லாம் பிரபுக்கள். தேரும் குதிரையும் ஆடலும் பாடலுமாய்த் திளைத்தனர். தந்தை இளமையிலேயே மறைந்ததால் இவன் மட்டும் எளியவனாய் வளர்ந்தான். மாணவனின் உடையுடுத்தி, கன்பூசிய ஏடுகளைக் கற்று, நோயுற்ற உறவினர்க்குப் பணிவிடை செய்து நல்லவன் எனப் பெயரெடுத்தான். நடிப்பு என்பார்கள் அவன் பகைவர்கள். நடிப்பாகவே இருக்கட்டும், அவன் வாழ்வில் நடந்த ஒன்றை நாம் அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. பதவியிழந்து அவன் ஊரில் ஒதுங்கியிருந்த நாளில், அவனுடைய மகன் ஒருவன் ஓர் அடிமையைக் கொன்றுவிட்டான். அக்காலப் பிரபு குடும்பத்தில் அது பெரிய செய்தியே அன்று. வாங் மாங்கோ மகனைக் கடிந்து, தற்கொலை செய்து கொள்ளச் செய்தான். அடிமையின் உயிருக்கு மகனின் உயிர்! கொடுமைதான், ஆயினும் அடிமையும் உயிருள்ள மனிதன் என்ற எண்ணம் அவனுக்குள் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

கி.மு. 1-இல் மன்னன் ஆய் வாரிசின்றி இறந்தான். அத்தையின் துணையால் ஆட்சிப் பொறுப்பு வாங் மாங் கைக்கு வந்தது. அரியணையில் ஒன்பது வயதுச் சிறுவன். அரியணைக்கும் தனக்கும் இடையே இருந்த தொலைவை வாங் மாங் எப்படிக் கடந்தான்? படை கொண்டா? மக்கள் மன்றத்தைக் கூட்டியா? சகுனத்தைக் கொண்டு கடந்தான்!

பண்டைய சௌ மரபில் இளமன்னனுக்காக ஆட்சி நடத்திய கோமகன் ஒருவன் இருந்தானாம். அவனுடைய அறத்தை மெச்சித் தொலைநாட்டார் வெள்ளைக் கோழிப்பறவை கொண்டு வந்தனராம். உடனே வாங் மாங்குக்கும் தொலைநாட்டிலிருந்து வெள்ளைப் பறவை வந்து சேர்ந்தது. வரவழைக்கப்பட்டது என்பதே சரி. கடல் கடந்த ஹுவாங்-சி நாட்டு மன்னனுக்கு விலையுயர்ந்த பரிசுகளை அனுப்பி, உயிருள்ள காண்டாமிருகம் ஒன்றைத் தூதுவர்வழிக் காணிக்கையாக அனுப்பச் செய்தான். கி.பி. 2-இல் அது சீனம் போய்ச் சேர்ந்தது. இந்த ஹுவாங்-சி நம் காஞ்சியே என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர், ஏற்காதவரும் உண்டு. காஞ்சிதான் என்றால், வாங் மாங்கின் முடிசூட்டு நாடகத்தில் நம்மூர் வழியே போன விலங்குக்கும் ஒரு சிறு வேடம் இருந்திருக்கிறது!

சிறுவன் இறந்தான். அவனுக்கு நஞ்சிட்டது வாங் மாங்தான் என்ற பழி பின்னர் எழுந்தது. அடுத்துக் கைக்குழந்தை ஒன்றை வாரிசாக்கினர். கிணறு தூர் வாரியபோது வெண்கல் ஒன்று கிடைத்தது. வாங் மாங் மன்னனாகுக என்று அதில் செந்நிற எழுத்து. இறுதியாகக் கி.பி. 8-இல் அய் சாங் என்ற மாணவன், மஞ்சள் உடையணிந்து, அந்தி நேரத்தில், செம்புப் பெட்டியொன்றை ஹான் மரபின் முதல் மன்னனுடைய கோவிலில் கொண்டுவந்து வைத்தான். வானுலகும் முன்னோரும் வாங் மாங்குக்கே ஆட்சியை வழங்கிவிட்டதாக உள்ளே எழுத்து இருந்தது. அவனுக்கு அமைச்சராக வேண்டிய பதினொருவர் பட்டியலும் இருந்தது. எட்டுப்பேர் தெரிந்த பெரியவர்கள். இருவர் பெயர், மங்கலமாய் ஒலிக்கட்டும் என்று மாணவன் தானே புனைந்தவை: வாங் சிங், வாங் ஷெங். பதினோராம் பெயர்? வேறு யாருடையது, அவனுடையதுதான்!

வானம் தந்த பட்டியல் பொய்க்கலாமா? வாங் சிங், வாங் ஷெங் எங்கே என்று தலைநகரெங்கும் தேடினர். அப்பெயருடையோர் பத்துப்பேருக்கு மேல் கிடைத்தனர். குறி பார்த்து இருவரைப் பொறுக்கினர். ஒருவன் கோட்டை வாயிலில் பணி செய்தவன். மற்றவன் அப்பம் விற்றவன். இருவரும் ஒரே நாளில் படைத்தலைவர்களாயினர். அப்பம் விற்றவன் தலைவனாவது நமக்கு உவப்பே. ஆனால் திறமை கண்டு தரப்பட்ட பதவியன்று அது. பித்தலாட்டப் பெட்டியிலிருந்து விழுந்த பதவி. கி.பி. 9 சனவரியில் வாங் மாங் முடி சூடினான். அரச முத்திரையைக் கேட்டு ஆள் வந்தபோது, வயது முதிர்ந்த அத்தை சினந்து அதைத் தரையில் வீசியெறிந்தாள் என்றும், அதன் மூலை உடைந்தது என்றும் கூறுவர்.

இப்போது அவனுடைய ஆணைக்கு வருவோம். எட்டு ஆடவர்க்குக் குறைவான குடும்பம் 900 மூவுக்கு மேல், அதாவது 100 ஏக்கர் அளவுக்கு மேல், நிலம் வைத்திருந்தால் மிகுதியை உறவினர்க்கும் அண்டை அயலார்க்கும் பகிர்ந்து தரவேண்டும். நிலமற்றவர் முறைப்படி பெற வேண்டும். இதைக் குறைகூறித் திரிபவன் தொலைதூர எல்லைக்குக் கடத்தப்படுவான். அடிமை இனி 'அடிமை' அன்று, 'தனியார் சார்ந்தோன்'.

கூர்ந்து பாருங்கள். அடிமையை விற்கக் கூடாது என்றானே தவிர, விடுதலை செய் என்றானில்லை! பெயர் மாறிற்று, விலங்கு மாறவில்லை. உணவின்றி உயிர் போகும் வேளையில் தன்னை விற்று உயிர் பிழைத்தவனுக்கு அந்த வழியும் அடைந்தது. வேறு வழி திறக்கப்படவில்லை. நிலமோ? யார் அளப்பது? யார் மிகுதியைக் கணக்கிடுவது? யார் நிலமற்றவன் கையில் கொடுப்பது? அளக்க வேண்டிய அதிகாரியே ஊரின் பெரிய நிலக்காரன். அல்லது அவனுடைய மைத்துனன்! பூனையிடம் பாற்குடத்தை ஒப்படைத்த கதையாயிற்று.

இந்த முறையை வாங் மாங் எங்கிருந்து எடுத்தான் தெரியுமா? உழவனைக் கேட்டு அல்ல. நிலத்தைச் சதுரமாய் வெட்டி ஒன்பது கூறாக்கி, எட்டுக் குடும்பம் எட்டுக் கூற்றை உழுது, நடுக்கூற்றை அரசுக்காகப் பொதுவில் உழுததாம் ஒரு பொற்காலத்தில். மென்சியஸ் என்ற பேரறிஞர் அதைப் போற்றிப் பேசினார். சீன எழுத்தில் 'கிணறு' என்ற குறியின் வடிவம் அது. ஆகவே கிணற்று நிலம் என்று பெயர். அப்படி ஒரு முறை என்றேனும் நாடெங்கும் நடந்ததா என்பதிலேயே ஆய்வாளர்க்கு ஐயம். பழைய ஏட்டிலிருக்கிறது, ஆகவே நல்லது. நல்லது, ஆகவே நடக்கும் என்பது வாங் மாங்கின் கணக்கு. மலையும் மேடும் ஆறும் உள்ள நிலம் ஏட்டிலுள்ள சதுரத்துக்குள் அடங்குமா? நிலத்தை விற்றோரும் அடிமையை விற்றோரும் காசு பொய்யாய் அடித்தோரும், பிரபுவிலிருந்து குடியானவன்வரை, எண்ணிறந்தோர் தண்டிக்கப்பட்டனர். கி.பி. 12-இல், பண்டை முறையை மீண்டும் கொண்டுவர முடியாது என்று ஓவ் போ என்ற அதிகாரி எடுத்துரைத்தார். மன்னனும் இணங்கினான். மூன்றே ஆண்டில் மன்னர் நிலம் மீண்டும் மாளிகைக்காரர் நிலமாயிற்று. 17-இல் அடிமை ஒருவனுக்கு 3,600 காசு என்று உடைமையாளர்மீது வரி விதித்துப் பார்த்தான். அதுவும் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீராயிற்று.

அவனுடைய வேறொரு திட்டம் உண்மையிலேயே நம் கவனத்திற்குரியது. சாங்-ஆன், லோயாங், ஹான்டான், லின்சி, வான், செங்டு ஆகிய நகரங்களில் விலை நடுநிலை அலுவலகம் வைத்தான். ஒவ்வொரு பருவத்தின் நடுத்திங்களிலும் பண்டங்களுக்கு மேல், நடு, கீழ் என விலை குறிக்க வேண்டும். தானியமும் துணியும் விற்காமல் தேங்கினால் விளைவித்தவனுக்கு நட்டமின்றி அரசே வாங்கும். பஞ்சகாலத்தில் விலை ஏறினால் அரசு தன் கையிருப்பை எடுத்து விற்கும். சாவு நேர்ந்த வீட்டுக்கு மூன்று திங்களுக்கு வட்டியில்லாக் கடன். தொழிலுக்குக் கடன் என்றால் ஆண்டு ஊதியத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் வட்டி கூடாது. வட்டிக்காரனின் கழுத்தைத் திருகும் திட்டம்! ஆனால் இதை நடத்த அவன் அமர்த்தியவர் யார்? லோயாங், லின்சி முதலிய ஊர்களின் பெருவணிகர்கள்! அவர்கள் மாவட்ட அதிகாரிகளோடு கூடிக் கணக்கைப் பொய்யாய் எழுதினர்; அரசின் களஞ்சியம் நிறையவில்லை, மக்களோ மேலும் வாடினர். அதிகாரிகட்குச் சம்பளமும் ஒழுங்காய்த் தரப்படவில்லை. சம்பளமில்லாத அதிகாரி எங்கே போய்த் தேடிக் கொள்வான் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

எல்லாவற்றையும் விஞ்சிய கேடு நாணயத்தில் நேர்ந்தது. ஹான் அரசகுடியின் பெயர் லியூ. அந்த எழுத்துக்குள் பொன், கத்தி என்ற குறிகள் அடங்கியுள்ளன. எனவே தானே முன்னர் வெளியிட்ட கத்தி வடிவக் காசும் ஆகாது, மக்கள் நூறாண்டுக்கு மேல் பழகிய பழைய காசும் ஆகாது என்று தள்ளினான். ஓர் எழுத்தின் உறுப்புக்கு அஞ்சி ஒரு நாட்டின் பணத்தைச் செல்லாமல் ஆக்கிய மன்னன்! கி.பி. 10-இல் பொன், வெள்ளி, செம்பு, ஆமையோடு, சோழி என 28 வகைப் பணம் வந்தது. பழங்காலத்தார் சோழியைப் பணமாய் வைத்திருந்தார்கள், ஆகவே நாமும்! கடைக்காரன் குழம்பினான்; உழவன் கலங்கினான்; மக்கள் மறைவாகப் பழைய காசிலேயே வாணிபம் செய்தனர். செம்பு சிறிது, மதிப்புப் பெரிது என்றால் திருட்டுக் காசு பெருகாதா? பெருகிற்று. உடனே தண்டனையும் பெருகிற்று. ஒருவன் காசு அடித்தால் அவனோடு சேர்த்து அண்டையிலுள்ள ஐந்து குடும்பங்களும் குற்றவாளிகள்; அத்தனை பேரும் அரசின் அடிமைகள்.

கி.பி. 21-ஆம் ஆண்டு நிகழ்ச்சியாக ஹான் வரலாறு ஒரு காட்சியைத் தருகிறது. கூண்டு வண்டிகளில் ஆடவர். பின்னால் கழுத்தில் இரும்புச் சங்கிலியோடு நடந்துவரும் பெண்களும் குழந்தைகளும். காசு வார்க்கும் சாலைக்கு அவர்களை ஓட்டிச் செல்கிறார்கள். இலட்சக் கணக்கில் சென்றனர் என்கிறது அந்நூல். போய்ச் சேர்ந்ததும் கணவனை ஒருத்திக்கும் மனைவியை வேறொருவனுக்குமாய் மாற்றி இணைத்தனர். துயரத்தால் பத்தில் ஆறேழு பேர் மாண்டனர். மாட்டுப்பட்டியில் மனிதனை விற்றார்களே என்று கண்ணீர் வடித்தானே, அதே மன்னனின் ஆட்சியில்தான் இது! பன்னிரண்டு ஆண்டுகளில் ஆணையின் முதல் வரியையே அவனுடைய சங்கிலி அழித்துவிட்டது.

இயற்கையும் அவனுக்குப் பகையாய் வந்தது. கி.பி. 11-இல் மஞ்சள் ஆறு கரையுடைத்துக் கிழக்கே பாய்ந்து பல மாவட்டங்களை விழுங்கியது. வெள்ளம் தன் முன்னோரின் கல்லறைகளை அரித்துவிடுமோ என்று முன்பு வாங் மாங் அஞ்சியிருந்தான். ஆறு வேறுபக்கம் திரும்பிவிட்டது, கல்லறைக்கு இடரில்லை. ஆகவே உடைப்பை அடைக்கவில்லை! செத்தவர் உறங்க, உயிரோடிருந்தவர் மிதந்தனர். ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து, கி.பி. 70-இல்தான் அந்த ஆற்றுக்கு ஒழுங்கான கரை அமைந்தது. வடக்கே சியோங்நு மக்களின் தலைவனுக்கு இருந்த பட்டத்தைத் தாழ்த்தி வீண்வம்பை விலைக்கு வாங்கி, 3,00,000 வீரர்களை எல்லைக்கு அனுப்ப ஆணையிட்ட செலவும் குடியானவன் தலையில் விழுந்தது.

பசி கிளர்ச்சியாயிற்று. கடற்கரைப் பகுதியில் லூ என்ற மூதாட்டி, சிறு குற்றத்திற்காகத் தன் மகனைக் கொன்ற அதிகாரியைப் பழிவாங்க மது விற்று இளைஞரைத் திரட்டினாள். அவனைக் கொன்று மகன் கல்லறையில் தலையை வைத்தாள். 18-இல் பான் சுங் என்பவனின் தலைமையில் உழவர் எழுந்தனர். அடையாளம் தெரியப் புருவத்தில் செஞ்சாயம் பூசிக் கொண்டதால் அவர்கள் 'செம்புருவத்தார்'. தெற்கே 'பசுங்காட்டார்' எழுந்தனர். பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் தலைநகர்ப் பகுதிக்குள் நுழைந்தபோது, இலையையும் தழையையும் வேகவைத்துக் கூழாக்கித் தின்னச் சொல்லிக் கொடுக்க அதிகாரிகளை அனுப்பினான் மன்னன். அந்தக் கூழ் வாயில் வைக்க முடியாததாயிருந்தது. கஞ்சித்தொட்டிக்கு ஒதுக்கிய தானியத்தை அதிகாரிகள் திருடினர். நகரில் பசியாமே என்று மன்னன் கேட்டபோது, சந்தைக்குப் பொறுப்பாளன் கடையிலிருந்து நல்ல சோறும் இறைச்சிக் குழம்பும் வாங்கிவந்து காட்டி, மக்கள் உண்பது இதுவே என்றான். மன்னன் நம்பினான்!

கி.பி. 23-இல் குன்யாங்கில் அவனுடைய பெரும்படை சிறு படையிடம் சிதறியது. அப்போது அவன் செய்தது என்ன? பெருந்துயர் வந்தால் வானை நோக்கி அழவேண்டும் என்று ஏடு கூறுகிறதாம். அமைச்சரோடு நகரின் தெற்கே போய் மார்பில் அறைந்து அழுதான். மாணவரும் மக்களும் காலையும் மாலையும் கூடி அழ ஆணையிட்டான்; அழுதவர்க்குக் கஞ்சி! நன்றாக அழுது ஒப்பாரி ஓதியவர்க்கு அரசுப் பதவி! அப்படிப் பதவி பெற்றவர் 5,000-க்கு மேல். கோட்டையைக் காக்க ஆளில்லை. அழுவதற்கு ஐயாயிரம் அதிகாரிகள்!

அக்டோபர் திங்களில் பகைவர் அரண்மனைக்குத் தீ வைத்தனர். சோதிடன் குறி பார்க்க, வடமீன் கூட்டத்தின் வால் எத்திசையில் திரும்புகிறதோ அத்திசைக்குத் தன் இருக்கையைத் திருப்பிக் கொண்டு அமர்ந்திருந்தான் வாங் மாங். குளத்து நடுவிலிருந்த மேடைக்குக் கொண்டு போயினர். து வூ என்ற வணிகன் அங்கே அவனை வெட்டினான். அந்தத் தலையை அரசின் படைக்கல மாளிகையில் பிற்கால மன்னர்கள் போற்றி வைத்திருந்தனர், கி.பி. 295-இல் அம்மாளிகை தீப்பற்றி எரியும்வரை அது அங்கிருந்தது.

இவ்வளவும் நமக்குத் தெரிவது பான் கு எழுதிய ஹான் வரலாற்றால். பான் கு, வாங் மாங்கை வீழ்த்தி மீண்ட ஹான் அரசின் ஊழியர். வென்றவன் வீட்டில் அமர்ந்து தோற்றவனைப் பற்றி எழுதினார். ஆகவே சலித்தெடுத்துத்தான் நாம் அதை ஏற்க வேண்டும். சென்ற நூற்றாண்டில் ஹூ ஷி என்ற சீனப் பேரறிஞர், வாங் மாங்குக்குப் பரிவு காட்டி, பத்தொன்பது நூற்றாண்டுகட்கு முந்திய சமதர்ம மன்னன் என்று 1928-இல் எழுதினார். பழி துடைக்க முயன்றது நன்றே. ஆனால் சமதர்மம் என்ற சொல்லை அவ்வளவு மலிவாய்த் தர நாம் உடன்படோம். நிலம் பிரபுவிடமிருந்து மன்னனுக்குப் போகும் என்றது ஆணை. உழவனுக்கு அதில் வாயுமில்லை, வாக்குமில்லை. நோயை வாங் மாங் நன்றாய்க் கண்டான். அவனைப் பழித்த பலர் அந்நோயைக் காணவே மறுத்தனர். மருந்தைத்தான் செல்லரித்த ஏட்டில் தேடினான். அதை ஊட்டும் கையை நோய் பரப்பியவர்களிடமே இரவல் வாங்கினான்.

பின் வந்தவன் செய்ததென்ன? லியூ சியு கி.பி. 25-இல் அரியணை ஏறினான். குவாங்வூ என்று அழைக்கப்படுவோன் அவனே. நான்யாங் பகுதியின் நிலவுடைமைக் குடும்பத்தான். அடிமைகள் பலரை விடுவிக்கும் ஆணைகளை அவனும் அடுத்தடுத்துப் பிறப்பித்தான். அடிமையைக் கொன்றவனுக்குத் தண்டனை குறையாது என்று 35-இல் விதித்தான். வாங் மாங்கின் ஆணையை வெறுத்தவர்களும் அதன் ஒரு பாதியை விட முடியவில்லை. மறுபாதியாகிய நிலம்?

39-இல் நாடெங்கும் நிலத்தை அளக்கச் சொன்னான். அதிகாரிகள் செல்வர் நிலத்தைக் குறைத்தும் ஏழையின் வீட்டு மனையைக்கூடச் சேர்த்தும் அளந்தனர். மாவட்டங்களிலிருந்து அறிக்கைகள் வந்தன. சென்லியூ மாவட்டத்தாரின் அறிக்கையோடு மூங்கில் சிம்பு ஒன்று தவறி வந்து சேர்ந்தது. யிங்சுவானையும் ஹொங்நொங்கையும் கேட்கலாம், ஹோனானையும் நான்யாங்கையும் கேட்கக் கூடாது என்று அதில் குறித்திருந்தது. மன்னனுக்கு விளங்கவில்லை; தெருவில் கிடந்ததாக அதிகாரி பொய் சொன்னான். திரைக்குப் பின்னிருந்த பன்னிரண்டு வயது மகன் விளக்கினான். ஹோனான் தலைநகர், அமைச்சர்கள் அங்கே இருக்கிறார்கள். நான்யாங் மன்னரின் சொந்த ஊர். உறவினர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் நிலத்தை அளவுக்கு மீறியது என்று எவன் கேட்பான்?